எஃப் நைனை அமுக்கினால் அப்பா பேசுவார்

எங்கள் அப்பா கடைவாசலில் நின்று பேசினால் தெருமுனை டீக்கடையில் டம்ளர் கழுவுகிறவருக்குக் கேட்கும். மிளகாய்வத்தல், மல்லி, சீரகம் என்று மொத்த வியாபாரம். லாரியிலிருந்து மூட்டை இறங்கும்போது, "ஏலே, அங்கன போடாத, ஈரம் கெடக்கு, இங்கன கொண்டா" என்று அவர் போடுகிற சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் போனைக் காதோடு அமுக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. மதுரையில் வைத்துக் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது பெரிய காரியம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கழுத்தின் அடியில் மூச்சுவிட ஒரு துளையோடு வீடு திரும்பிய மனிதர் வாயைத் திறந்தால் உதடு அசைந்ததே தவிர ஒன்றும் வெளியே வரவில்லை.

பேச்சு போனதைவிட எனக்கு எரிச்சலாக இருந்தது வேறொன்று. அவருக்குப் பதிலாக எல்லாரும் பேச ஆரம்பித்தார்கள். பார்க்க வந்தவர்கள், அவர் எதிரிலேயே நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அம்மாவைப் பார்த்து, "அண்ணாச்சி காப்பி குடிப்பாகளா?" என்று கேட்டார்கள். சிலர் அவர் காதுக்குப் பக்கத்தில் வந்து கத்தினார்கள். "அவுகளுக்குக் காது நல்லாத்தான் கேக்கும், கத்தாதிய!" என்று நான் அதைவிடச் சத்தமாகக் கத்துவேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். தங்கச்சி என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பாள்.

இதில் முதல் ஆள் பெரியப்பா, அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். கெட்டவர் இல்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கடையை ஒரு நாள்கூடப் பூட்டாமல் நடத்தியவர் அவர்தான். அந்த நன்றி எங்கள் எல்லாருக்கும் உண்டு. ஆனால் அப்பா ஒரு விரலைத் தூக்கினால் போதும், "தம்பி என்ன சொல்லுதான்னா..." என்று ஆரம்பித்து, தன்னுடைய கருத்தை எல்லாம் தம்பி பெயரில் சொல்லி முடிப்பார். அப்பா விரலைத் தூக்கியது மின்விசிறியைக் குறைக்கச் சொல்லியாக இருக்கும்.

ஆஸ்பத்திரியில் ஒரு பேட்டரிக் கருவி கொடுத்திருந்தார்கள். தாடைக்குக் கீழே வைத்து அமுக்கிக்கொண்டு உதட்டை அசைத்தால் பேச்சு மாதிரி ஒன்று வரும். அப்பா வீட்டில் ஒரு தடவை முயன்று பார்த்தார். வண்டு மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு என்று எழுதிக் காட்டிவிட்டு அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். எழுதிக் காட்டுவதும் சரிப்படவில்லை. எழுதி முடிப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடும். காகிதத்தை நீட்டிக்கொண்டு நிற்கிற மனிதரை யார் பார்க்கிறார்கள்? திரும்பிப் பார்க்கவைக்கச் சத்தம் வேண்டும். எழுதியதை வாசிக்கிற ஆப் ஒன்றைத் தங்கச்சி போனில் போட்டுக் கொடுத்தாள். மூட்டை தூக்கித் தடித்த விரல். ஓர் எழுத்தைத் தொட்டால் மூன்று எழுத்து விழுந்தது. போனை அவள் மடியிலேயே போட்டுவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

நான் கல்யாணமாகி, ஊரை ஒட்டிய மாப்பிள்ளையூரணியில் இருக்கிறேன். வேலை ஹார்பர் பக்கம், கப்பல் சரக்குகளுக்குக் கஸ்டம்ஸ் காரியங்களைப் பார்த்துக் கொடுக்கிற ஒரு கிளியரிங் ஆபீஸில். எங்கள் முதலாளி அண்ணாச்சிக்குக் காசு கொடுத்து வாங்குகிற எந்த சாஃப்ட்வேரும் ஆகாது. அதனால் ஆபீஸ் கம்ப்யூட்டர் முழுக்க இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ். கப்பல் கம்பெனிகள் அனுப்புகிற மெயிலில் கண்டெய்னர் நம்பர்கள் ஆளுக்கு ஒரு தினுசாக இருக்கும். ஒருவர் நடுவில் இடைவெளி விடுவார், இன்னொருவர் கோடு போடுவார். அப்படியே எடுத்து ஒட்டினால் நாங்கள் பதிவு செய்கிற திரை தூக்கி வெளியே எறிந்துவிடும். கையால் திருத்தித் திருத்தி மணிக்கட்டு வீங்கிய பிறகுதான், கட்டளையை எழுத்தாக அடிக்கிற கமாண்ட் லைனில் இதற்கு வழி தேடினேன். எக்ஸ்கிளிப் என்று ஒரு சின்னக் கட்டளை கிடைத்தது. நாம் காப்பி செய்து வைத்திருப்பதை அது எடுத்துக் கொடுக்கும். ஒரு நெடுக்குக் கோடு போட்டு அதை அடுத்த கட்டளையிடம் தள்ளினால், அது இடைவெளியையும் கோட்டையும் உதறிவிடும். இன்னொரு நெடுக்குக் கோடு போட்டால் சுத்தமான நம்பர் மறுபடியும் காப்பியில் போய் உட்கார்ந்துவிடும். எல்லாம் கறுப்புத் திரையில் ஒரே வரி. அதை ஒரு விசையில் மாட்டிவிட்டேன், மணிக்கட்டு தப்பித்தது.

ஒரு நாள் மத்தியானம் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தபோது சட்டென்று தோன்றியது. காப்பியில் இருப்பதை நம்பர் சுத்தம் செய்கிறவனிடம் கொடுப்பதற்குப் பதிலாக, எழுத்தைப் பார்த்து வாசிக்கிறவனிடம் கொடுத்தால் என்ன? அப்படி வாசிக்கிற கட்டளை ஒன்று லினக்ஸில் உண்டு, தமிழும் வாசிக்கும். ஆபீஸில் மூலையில் கிடந்த பழைய லேப்டாப்பைக் கேட்டேன். "கொண்டு போம்மா, சும்மாதான தூசி பிடிச்சுக் கெடக்கு" என்றார் முதலாளி அண்ணாச்சி. அதன் விசைகள் பெரியவை. அப்பா விரலுக்கு ஏற்றவை.

லினக்ஸில் காப்பி செய்ததைப் போட்டுவைக்க இரண்டு பைகள். சட்டைப்பையும் வேட்டி மடியும் என்று வைத்துக்கொள்ளலாம். கண்ட்ரோல் சி அமுக்கி எடுப்பது சட்டைப்பை, அது எல்லாருக்கும் தெரிந்தது. இன்னொன்றுக்கு அதுகூட வேண்டாம். விசைகளுக்குக் கீழே இருக்கிற டச்பேடில் விரலை இழுத்து எழுத்தை நீலமாக்கினால் போதும், தானாக மடியில் விழுந்துவிடும். அப்பாவுக்கு இரண்டாவதுதான் லாயக்கு என்று முடிவு செய்தேன். நீலமாக்க வேண்டியது, எஃப் நைன் விசையை அமுக்க வேண்டியது. மடியில் இருப்பதை எக்ஸ்கிளிப் எடுத்துக் கொடுக்கும், மற்றது வாசிக்கும்.

அப்பா முதலில் எழுதியது, "ஏளா, காப்பியில சீனி இல்ல." நீலமாக்கினார், அமுக்கினார். தண்ணிக்குள்ளிருந்து செய்தி வாசிக்கிற மாதிரி ஓர் ஆண் குரல் அதைச் சொன்னது. அம்மா அடுப்படியிலிருந்து, "இதோ கொண்டு வாரேன்" என்று பதில் சொல்லிவிட்டாள். சீனி டப்பாவை எடுத்துக்கொண்டு பாதி தூரம் வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அப்படியே நின்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, மறைப்பானேன்.

பிறகு அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. லேப்டாப்பைக் கடைக்கே தூக்கிக்கொண்டு போனார். தினமும் சொல்கிறவற்றை ஒரு பக்கத்தில் வரிசையாக அடித்து வைத்துக்கொண்டார்: ஏலே, இங்கன வை, நனையாமப் பாத்துக்கோ, சாப்பிட்டாச்சா, அந்த வெல கட்டாது அண்ணாச்சி. வேண்டிய வரியில் விரலை இழுத்து எஃப் நைன். புத்தகத் தமிழில் எழுதினால் அந்தக் குரல் யாரோ அந்நியன் பேசுகிற மாதிரி இருக்கிறது என்று, தான் பேசுகிறபடியே எழுத ஆரம்பித்தார். "வாரான், போறான்" என்று அந்தச் செய்திக் குரல் சொல்லும்போது கூலியாட்கள் முதலில் சிரித்தார்கள். ரெண்டு வாரத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. சொன்ன இடத்தில் மூட்டையை வைத்தார்கள்.

ஒரு தடவை, வரியை நீலமாக்கிவிட்டு, எழுதியிருந்த பக்கத்தை மூடிவிட்டு விசையை அமுக்கினார். சத்தமே இல்லை. எனக்குப் போன் அடித்துத் தங்கச்சியிடம் கொடுத்தார், அவள் விஷயத்தைச் சொன்னாள். சாயங்காலம் போய் விளக்கினேன். பையில் விழுகிறது என்று நாம் சொல்கிறோமே தவிர, எழுத்து பைக்கு வருவதே இல்லை. நீலமாக்கிய பக்கத்திலேயே அது இருக்கும். யாராவது கேட்கும்போதுதான் அந்தப் பக்கம் எடுத்துக் கொடுக்கும். பக்கத்தை மூடினால் கொடுக்க ஆள் இல்லை. அப்பா தலையை ஆட்டிக்கொண்டு அடித்தார்: "வத்தல் புரோக்கர் மாதிரி. கையில மாதிரிப் பொட்டலந்தான். சரக்கு குடோன்ல." நான்கு மாதமாக நான் படித்துப் புரிந்துகொண்டதை இவர் நாலு வார்த்தையில் முடித்துவிட்டாரே என்று எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

இந்த வழியில் ஒரு ஆபத்து உண்டு. கடைசியாக எதன் மேல் விரல் பட்டதோ அதுதான் மடியில் இருக்கும். விரல் தெரியாமல் வழுக்கினாலும் அப்படித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்திருந்தார். வந்தவர் எழுந்திருக்கிற வழியாக இல்லை. துறைமுகத்தில் கப்பல் வரத்து, புன்னைக்காயலில் மீன்பிடி போட்டுக்காரர்களோடு அவருக்கு இருந்த பழைய பழக்கம், சீரகத்தின் விலை என்று போய்க்கொண்டே இருந்தது. அப்பா அம்மாவுக்கு மட்டும் காட்டுவதற்காக ஒரு வரி அடித்தார். அம்மாவிடம் கண்ணாடி இல்லை. அதற்குள் பெரியப்பா திரும்பி, "என்னலே, நாஞ் சொல்லுதது சரிதான?" என்று கேட்டார். "சரிதான் அண்ணே" என்கிற வரி பக்கத்தில் தயாராக இருந்தது. அப்பா அதை நோக்கி விரலை இழுத்தார், எஃப் நைனை அமுக்கினார். செய்திக் குரல் நிறுத்தி நிதானமாக, "இவுக எப்பம் எந்திரிச்சுப் போவாக?" என்றது.

தங்கச்சி சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள். அம்மா ஏதேதோ சமாளித்தாள். பெரியப்பா மெதுவாக எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, "பெட்டி பேசுது, தம்பி பேசல" என்று எங்களைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு வலித்திருக்கிறது என்று தெரிந்தது. அப்பா மறுநாள் காலையிலேயே அவர் வீட்டுக்குப் போய், கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வந்தார். அதோடு சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தோம்.

தங்கச்சிக்கு வரன் கூடிவந்தது அதற்குப் பிறகுதான். அவள் பி.எட். கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வீடு திருச்செந்தூர்ப் பக்கம், நல்ல மனிதர்கள், கடை வைத்திருப்பவர்கள். பெரியப்பா கொண்டுவந்த வரன். தை முகூர்த்தம் என்று அவரே பேசி வைத்திருந்தார். "பரீட்சைய எப்பம் வேணா எழுதிக்கிடலாம், முகூர்த்தம் நிக்குமா?" என்றார். தங்கச்சி தரையைப் பார்த்து "ம்" என்றாள். எங்கள் வீட்டில் வாய் முழுக்க எனக்குத்தான், அவளுக்கு "ம்" மட்டும்தான் என்று நான் கேலி செய்வது வழக்கம்.

நிச்சயத்துக்கு நாள் குறித்தார்கள். எங்கள் ஆட்களில் நிச்சயம் என்றால் ஒரே ஒரு காரியம்தான் முக்கியம். பூ, பழம், விருந்து எல்லாம் இருக்கும். ஆனால் பெண்ணைப் பெற்றவர் சபையில் தாம்பூலத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எங்களுக்குச் சம்மதம் என்று வாயால் சொல்ல வேண்டும். அந்தச் சொல் எல்லார் காதிலும் விழுந்த பிறகுதான் தட்டு கைமாறும். சொல் வராமல் தட்டு மாறினால் அது நிச்சயமே இல்லை என்பார்கள். என் நிச்சயத்தில் அப்பா அதைச் சொன்னபோது, சமையல்கட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்தவர்கள் கரண்டியோடு வாசல்பக்கம் வந்து எட்டிப் பார்த்தார்கள். அவ்வளவு சத்தம்.

"தம்பிக்காவ நாஞ் சொல்லிருதேன்" என்றார் பெரியப்பா. "அந்தப் பெட்டிய சபையில வைக்கப்படாது. அது என்னத்தயாவது ஒளறி வச்சா சம்பந்திமாரு முகத்துல முழிக்க முடியுமா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு ஆத்திரம். அம்மாவும் அப்படியே விட்டுவிடலாம் என்றாள். அப்பா லேப்டாப்பை இழுத்து, யாரையும் பார்க்காமல், இரண்டு விரலால் அடித்தார். குரல் சொன்னது: "என் மவள குடுக்க நாந்தான் சொல்லணும். நான் செத்த பொறவு நீங்க சொல்லுங்க அண்ணே."

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். கடையில் மூட்டைக்கு இடம் சொல்ல அந்தக் குரல் போதும். ஆனால் நாற்பது ஐம்பது பேர் நடுவில், பிள்ளையைப் பெற்றவர் என்ற இடத்தில், அது ஒரு தடவை உளறினாலோ ஊமையானாலோ, அப்புறம் அந்த வீட்டில் அவரை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அது அவருக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் பிடிவாதம் பிடித்தார் என்று நினைக்கிறேன்.

உளறக் கூடாது என்பதை என் பொறுப்பாக எடுத்துக்கொண்டேன். நிச்சயத்துக்கு முதல் நாள் உட்கார்ந்து அந்த ஒற்றை வரிக் கட்டளையைத் திருத்தினேன். மடியிலிருந்து எடுக்காதே, சட்டைப்பையிலிருந்து மட்டும் எடு. அதாவது, கண்ட்ரோல் சி அமுக்கி எடுத்ததைத்தான் எஃப் நைன் வாசிக்கும். விரல் எங்கே வழுக்கினாலும் கவலையில்லை. அப்பாவுக்குக் கண்ட்ரோல் சி பழக்கிக் கொடுத்தேன். "இது பத்திரமான பைப்பா. வேற காப்பி எடுக்கிற வரைக்கும் இதுல இருக்கது மாறாது." நாலைந்து தடவை செய்து பார்த்தோம், பிசகவில்லை. என்ன சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டேன். திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, போ என்று கையைக் காட்டினார். சரி, ஒரு வரிதானே என்று விட்டுவிட்டேன்.

நிச்சயத்தன்று கூடத்தில் ஜமுக்காளம் விரித்து, ஒரு பக்கம் அவர்கள், ஒரு பக்கம் நாங்கள். நடுவில் தட்டுகள். அப்பா வெள்ளை வேட்டி சட்டையில், கழுத்துத் துளையை மறைத்து மெல்லிய துண்டு சுற்றி, முன்னால் ஸ்டூலில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார். சம்பந்தியம்மா அதைப் பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்காரரிடம் ஏதோ கேட்டார். அவர் அவசரமாக, பேசாமல் இரு என்கிற மாதிரி கையை அமர்த்தினார். தங்கச்சி சுவரோரம் பட்டுச் சேலையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். நல்ல நேரம் வந்ததும் பெரியவர் ஒருவர், "பொண்ணப் பெத்தவுக சொல்லலாம்" என்றார்.

அப்பா தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எஃப் நைனை அமுக்கினார்.

ஒன்றும் வரவில்லை. இன்னொரு தடவை அமுக்கினார். மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. ஓடிப்போய் பக்கத்தில் மண்டியிட்டுத் திரையைப் பார்த்தேன். வெறும் நீலத் திரை. ஒரு பக்கமும் திறந்திருக்கவில்லை. "எழுதினத மூடிட்டியளாப்பா?" என்று காதருகில் கேட்டேன். ஆமாம் என்று தலையசைத்தார். வருகிறவர் போகிறவர் கண்ணில் படக் கூடாது என்று, காப்பி எடுத்ததும், சேமிக்கவும் இல்லாமல், பக்கத்தை மூடியிருக்கிறார். பத்திரமான பை என்று நான்தானே சொன்னேன். காப்பி என்றால் காப்பிதானே, எடுத்த பிறகு அசல் எதற்கு என்று எந்த வியாபாரியும் நினைப்பான். ஆனால் இந்தப் பைக்கும் குடோன் அதே குடோன்தான். நான் அதைச் சொல்லவே இல்லை. கறுப்புத் திரையைத் திறந்து எக்ஸ்கிளிப்பிடம் கேட்டேன். ஒன்றும் இல்லை என்றது. அடுத்த பையையும் கேட்டேன், அதுவும் காலி.

பெரியப்பா எழுந்துவிட்டார். அவர் முகத்தில் ஏளனம் இல்லை, தம்பி மானம் போகிறதே என்கிற பதற்றம்தான் இருந்தது. "தம்பிக்கு ஒடம்பு முடியாம இருக்கு. மூத்தவன் நான் சொல்லுதேன்..." என்று ஆரம்பித்தார்.

அப்பா கையைத் தூக்கினார். பெரியப்பா வழக்கம்போல், "தம்பி என்ன சொல்லுதான்னா..." என்றார்.

"பெரியப்பா, சும்மா இருங்க!" என்று கத்திவிட்டேன். சபையில் ஒரு பெண் பிள்ளை அப்படிக் கத்தலாமா என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். கத்தினால் என்ன? எனக்குத்தான் தொண்டை இருக்கிறதே.

அந்த ஒற்றை வரிக் கட்டளையைப் பழையபடி மாற்றினேன், நீலமாக்கினால் பேசுகிற மாதிரி. வெறும் பக்கம் ஒன்றைத் திறந்து அப்பா முன்னால் வைத்தேன். அவர் அடிக்க ஆரம்பித்தார். ஒரு விரல் இந்தப் பக்கம், ஒரு விரல் அந்தப் பக்கம். எழுத்தைத் தேடுவார், அமுக்குவார், அடுத்ததைத் தேடுவார். முன்னால் இருந்த குழந்தைகள்கூட அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தன. பரிமாறத் தயாராக நின்றவர்கள் கதவோரம் வந்து நின்றுவிட்டார்கள். சம்பந்தி நிமிர்ந்து உட்கார்ந்து, "மெதுவா சொல்லுங்க அண்ணாச்சி, நாங்க இருக்கோம்" என்றார். அவருக்கு நான் காலத்துக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

அப்பா விரலை இழுத்து எழுத்தை நீலமாக்கி எஃப் நைனை அமுக்கினார்.

"எனக்குச் சம்மதம்."

கூடத்தில் ஒரு பெருமூச்சு. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவ்வளவுதான், தட்ட மாத்துங்க, நேரம் போவுது" என்று பெரியப்பா தட்டுக்குக் கை நீட்டினார். அப்பா தட்டை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையின் ஒற்றை விரலால் மறுபடி அடிக்க ஆரம்பித்தார். நான் தோளுக்குப் பின்னால் நின்று எழுத்து எழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை, அதைச் சத்தமாக வாசிக்க வேண்டியது நான் இல்லை.

"எனக்காவ எல்லாரும் பேசுதாக. கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். என் மவகிட்ட இந்த வீட்டுல ஒருத்தரும் கேக்கல. நானும் கேக்கல. ஏளா, உனக்குச் சம்மதமா? வேற என்ன இருந்தாலும் சொல்லு."

எங்கள் சபையில் பெண்ணிடம் கேட்கிற வழக்கமே கிடையாது. என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதே எனக்கு அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது. எல்லார் தலையும் சுவரோரம் திரும்பியது. தங்கச்சியின் கழுத்து வேர்த்திருந்தது. "ம்" என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தலையை நிமிர்த்தி அப்பாவை மட்டும் பார்த்தாள்.

"சம்மதம்ப்பா" என்றாள். அப்புறம், "பரீட்ச எழுதிட்டு. இத்தன நாள் படிச்சிட்டு இப்பம் விட்டா, பொறவு எழுத மாட்டேன்ப்பா. எனக்கு அது தெரியும். டீச்சராவணும்" என்றாள். இத்தனை வார்த்தைகளைச் சேர்த்து அவள் பேசி நான் கேட்டதில்லை.

மாப்பிள்ளைப் பையன் தன் அம்மாவின் காதில் என்னவோ சொன்னான். சம்பந்தியம்மா, "அட, இதுதானா? ஆவணில முகூர்த்தம் இல்லையா என்ன? பிள்ள நல்லா எழுதட்டும்" என்றார். அவ்வளவு சுலபமாக இருந்தது அது. சிரிப்பும் பேச்சுமாகக் கூடம் கலகலத்தது.

பெரியப்பா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். மனசு நொந்து போயிருந்தார். தங்கச்சியைப் பார்த்து, அப்புறம் எங்கள் எல்லாரையும் பார்த்து, "இத முன்னாடியே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா? ஒருத்தரும் சொல்லலியே" என்றார்.

அப்பா மூன்றாவது தடவையாக அடித்தார். இந்தத் தடவை அதிக நேரம் ஆகவில்லை. விரலை இழுத்தார், அமுக்கினார். அந்தச் செய்திக் குரலுக்குக் கோபமும் தெரியாது, குத்தலும் தெரியாது. அண்ணனிடம் எவ்வளவு தன்மையாகக் கேட்க முடியுமோ அவ்வளவு தன்மையாகக் கேட்டது.

"கேட்டியளா அண்ணே?"

பெரியப்பா வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அப்பா தட்டின் ஒரு ஓரத்தைத் தான் பிடித்துக்கொண்டு மறு ஓரத்தை அவர் பக்கம் நீட்டினார். இரண்டு பேருமாகத்தான் அதைச் சம்பந்தி கையில் கொடுத்தார்கள்.